அரைப்புள்ளிக்குள் இருந்த தமிழ்: ஒரு பழைய மின்னஞ்சல் பெட்டி விண்டோஸ் 11க்குப் போன கதை

யூரியாப் பைக்குள் சுற்றிக் கட்டிய ஒரு சீபீயூ பெட்டியோடு அந்த ரீச்சர் கடைக்கு வந்தார். வவுனிக்குளம் பக்கம் ஒரு கிராமம். மல்லாவியில் ஏறி, மாங்குளத்தில் பஸ் மாறி, கிளிநொச்சி வரை அந்தப் பாரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஓய்வுபெற்ற ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. எழுபது வயதைத் தாண்டியவர். மற்றக் கையில் மகள் வாங்கிக் கொடுத்த புது மடிக்கணினி, பெட்டிகூடப் பிரிக்காமல்.

"தம்பி, இந்தப் பழசுக்குள்ள என்ர பிள்ளைகளின்ர கடிதமெல்லாம் கிடக்கு. அதை அப்படியே புதுசுக்குள்ள விடவேணும். ஒண்டும் அழியக் கூடாது."

"நெற்றில இருக்காதோ ரீச்சர்? பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்கோ?"

"நெற்றில ஒண்டும் இல்லையாம். இதுக்குள்ளதான் கிடக்கு எண்டு மருமகன் சொன்னவர்."

மருமகன் சொன்னது சரி. இப்போது மின்னஞ்சல் என்றால் அது எங்கோ ஒரு சேர்வரில் பத்திரமாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கடிதங்களைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் பழைய பொப்3 முறை அப்படியில்லை. எக்ஸ்பியோடு வந்த மின்னஞ்சல் மென்பொருளான அவுட்லுக் எக்ஸ்பிரஸ் சேர்வருக்குப் போய், வந்த கடிதங்களை இறக்கிக்கொண்டு, அங்கே உள்ளதை அழித்துவிடும். சேர்வரிலும் ஒரு பிரதி இருக்கட்டும் என்றால் அதற்கான பெட்டியில் நாமே தேடிப்போய்ச் சரி போட வேண்டும். வன்னியில் கணினி பூட்டிக் கொடுத்தவர்கள் பலர் அதைச் செய்யவில்லை. நானும்தான். ஆக, 2010 முதல் 2017 வரை அந்த வீட்டுக்கு வந்த ஒவ்வொரு கடிதத்துக்கும் உலகத்தில் இருந்த ஒரே பிரதி அந்த யூரியாப் பைக்குள் இருந்தது. அனுப்பிய பிள்ளைகளிடமும் இல்லை. அவர்கள் இரண்டு மூன்று முறை கணக்கு மாற்றிவிட்டார்கள்.

பெட்டியைத் திறக்கும்போதே ரீச்சர் இன்னொன்றும் சொன்னார். கணவரின் படம், கலியாணப் படம், மகனின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி, காணி உறுதியின் முதல் இரண்டு பக்கம், எல்லாம் கடிதங்களோடு இணைப்பாக வந்தவையாம். இது இந்தப் பக்கத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு உடனே விளங்காது. இடப்பெயர்வில் அல்பங்கள் போய்விட்டன. வன்னியில் ஒரு வீட்டில் 2009க்கு முந்தைய படம் ஒன்று தொங்கினால், அது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த படம். தொண்ணூறுகளில் அங்கே போனவர்கள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோன ஒன்றிரண்டு படங்களை ஸ்கேன் செய்து திருப்பி அனுப்பினார்கள். அப்படி வந்தவை இந்த மாதிரி இன்பொக்ஸ்களுக்குள்தான் கிடக்கின்றன. ஆகவே இந்த வேலையை நான் வழமையான 'டேட்டா எடுத்துத் தரும்' வேலையாக எடுக்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பல வருடத்துக்கு முன் ஒருவரின் எக்ஸ்பி கணினியை, டெஸ்க்டொப்பையும் மை டொக்கியுமென்ட்ஸையும் மட்டும் பிரதியெடுத்துவிட்டு ஃபோர்மட் செய்து கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வந்து, "என்ர இமெயில் எங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. காசைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

பெட்டியின் நிலை

பென்டியம் 4, விண்டோஸ் எக்ஸ்பி, 80 கிகாபைட் ஐடிஈ வன்தட்டு. வவுனியாவில் பாவித்ததாக வாங்கியது. பவர் சப்ளை செத்திருந்தது. மதர்போர்டில் நாலு கப்பாசிற்றர் வீங்கியிருந்தன. உள்ளே செம்மண் தூசியும் எறும்புக் கூடும்; காய்ந்துபோன பல்லி ஒன்று விசிறிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. இதைத் திருத்தி ஓட வைக்க வேண்டும் என்று முதலில் ஓர் ஆசை வந்தது. வேண்டாம் என்று விட்டேன். பழைய வன்தட்டைப் பழைய மின்சாரத்தில் சுழல விடுவது சூதாட்டம்.

வன்தட்டைக் கழற்றி, ஐடிஈயிலிருந்து யூஎஸ்பிக்கு மாற்றும் வயரில் மாட்டி, லினக்ஸில் இயங்கும் என் வேலைக் கணினியில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளைக் கொண்டு முழுத்தட்டையும் ஒரே இமேஜ் கோப்பாக, அதாவது அச்சொட்டான பிரதியாக எடுத்தேன். நல்ல தட்டென்றால் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும். இது இரவு முழுக்க ஓடியது. கடைசியில் சில செக்டர்கள் மட்டும் வாசிக்க முடியாமல் நின்றன. அதன்பிறகு அசல் தட்டைத் தொடவில்லை. இமேஜையும் 'வாசிக்க மட்டும்' என்ற நிலையில்தான் திறந்தேன். விண்டோஸ் 11இல் நேரடியாக மாட்டி டொக்கியுமென்ட்ஸ் அன்ட் செற்றிங்ஸ் கோப்புறையைத் திறக்கப் போனால் 'உமக்கு அனுமதி இல்லை' என்று மறிக்கும். 'தொடர்க' என்று அழுத்தினால் அது அந்தப் பழைய தட்டிலேயே அனுமதிகளை மாற்றி எழுதும். பெரிய கெடுதல் இல்லை. ஆனால் வாசிக்கவே தடுமாறும் தட்டில் ஏன் எழுத வேண்டும்?

பழைய கணினி உயிரோடு இருந்திருந்தால் பாதை வேறு. தண்டர்பேர்ட் என்று ஓர் இலவச மின்னஞ்சல் மென்பொருள் உண்டு. எக்ஸ்பியில் ஓடும் அதன் கடைசிப் பதிப்பு 52.9.1. அதை அங்கேயே நிறுவி, அவுட்லுக் எக்ஸ்பிரஸிலிருந்து இறக்குமதி செய்து, அந்தத் தண்டர்பேர்டின் கோப்புறையைப் புதுக் கணினிக்குத் தூக்கி வரலாம். அதுவும் வேண்டாம் என்றால், அவுட்லுக் எக்ஸ்பிரஸில் எல்லாக் கடிதங்களையும் தெரிவுசெய்து ஒரு வெறும் கோப்புறைக்குள் இழுத்து விட்டாலே ஒவ்வொரு கடிதமும் தனித்தனி ஈஎம்எல் கோப்பாக விழும். இன்றும் எக்ஸ்பி ஓடும் பெட்டி வைத்திருப்பவர்கள், கப்பாசிற்றர் வீங்கும் முன் அதைச் செய்துவிடுவது நல்லது.

நடுப்படிகள் இல்லாத படிக்கட்டு

ரீச்சரின் பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருவன், "புதுசிலயும் அவுட்லுக் இருக்குத்தானே, போல்டரைக் கொப்பி பண்ணினால் காணும்" என்று சொல்லியிருந்தானாம். பெயர்தான் ஒன்று. அவுட்லுக் வேறு, அவுட்லுக் எக்ஸ்பிரஸ் வேறு. அது பிஎஸ்ரி கோப்பில் வைக்கும். இது டிபிஎக்ஸ் கோப்பில் வைக்கும். ஒன்றின் கோப்பை மற்றது நேரடியாகத் திறக்காது.

அவுட்லுக் எக்ஸ்பிரஸ் எக்ஸ்பியோடு நின்றுவிட்டது. விஸ்டாவில் அதன் இடத்துக்கு விண்டோஸ் மெயில் வந்தது. விண்டோஸ் 7இல் எதுவும் இல்லை. லைவ் மெயிலைத் தனியாக இறக்கிப் போட வேண்டியிருந்தது. அந்த லைவ் மெயில் டிபிஎக்ஸ் கோப்புகளை வாங்கிக்கொள்ளும். அதற்கான ஆதரவு 2017 ஜனவரி 10இல் முடிந்தது. பிறகு விண்டோஸ் 10, 11ஓடு வந்த மெயில் செயலியையும் 2024 டிசம்பர் 31ஓடு நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு படியாக ஏறி வந்தவருக்குச் சிக்கல் இல்லை. ரீச்சர் மாதிரி 2017இல் நின்று, அப்புறம் ஒரேயடியாக மேலே தாவுகிறவருக்குத்தான் நடுப்படிகள் காணாமல் போயிருக்கும். தண்டர்பேர்டைத் தேர்ந்ததற்குக் காரணம் இதுதான்: கடிதங்களை எம்பொக்ஸ் என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் வைக்கும் மென்பொருள் அது. நாளை தண்டர்பேர்ட் இல்லாமல் போனாலும் நோட்பாடில் திறந்து வாசிக்கலாம்.

இரண்டு வீடுகள்

எக்ஸ்பியில் அவுட்லுக் எக்ஸ்பிரஸின் கோப்புகள் கிடக்கும் இடம் ஒரு புற்றுக்குள் புற்று: டொக்கியுமென்ட்ஸ் அன்ட் செற்றிங்ஸ், பயனர் பெயர், லோக்கல் செற்றிங்ஸ், அப்ளிகேஷன் டேட்டா, ஐடென்ரிற்றீஸ், பிறகு அடைப்புக்குள் ஒரு நீண்ட இலக்கக் கோவை, மைக்ரோசொஃப்ட், கடைசியில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ். லோக்கல் செற்றிங்ஸ் மறைக்கப்பட்ட கோப்புறை. தேடிப்போகாமல் கண்ணில் படாது. நான் முன்பு விட்ட பிழையும் அதனால்தான்.

போனேன். இன்பொக்ஸ் 1.3 கிகாபைட். டிபிஎக்ஸ் கோப்பு ஒன்றுக்கு 2 கிகாபைட் எல்லை. அதை நெருங்கினாலே உடையத் தொடங்கும். இது தப்பியிருந்தது. ஆனால் கடிதங்கள் 2012 ஓகஸ்டில்தான் தொடங்கின. ரீச்சர் 2010 என்று சொல்லியிருந்தார். தொலைபேசியில் கேட்டேன்.

"ஓம் தம்பி, முதல் ரண்டு வருசத்துக் கடிதங்கள் போயிற்றுது. கொம்பியூட்டர் ஒருக்கா நிண்டுபோச்சு. திருத்தினவர் எல்லாம் அழிஞ்சிட்டுது எண்டவர்."

கதையைக் கேட்டதும் ஒரு சந்தேகம். ஒரு படி மேலே வந்து பார்த்தால், பயனர் கோப்புறைகள் இரண்டு. ஒன்று ரீச்சரின் பெயரில். மற்றது அதே பெயரோடு ஒரு புள்ளி, பிறகு கணினியின் பெயர். ஃபோர்மட் செய்யாமல் எக்ஸ்பியை மேலே மேலே நிறுவினால் இப்படித்தான் நடக்கும்: பழைய பயனர் கோப்புறை அந்த இடத்திலேயே கிடக்க, புதியதற்கு ஒட்டுப்பெயர் வைத்து விண்டோஸ் பக்கத்தில் இன்னொரு வீடு கட்டிக்கொள்ளும். அன்றிலிருந்து எல்லாமே புது வீட்டில்தான் தெரியும். பழைய வீட்டுக்குள் போனேன். ஐடென்ரிற்றீஸ், இலக்கக் கோவை, மைக்ரோசொஃப்ட், அவுட்லுக் எக்ஸ்பிரஸ். இன்பொக்ஸில் 412 கடிதங்கள். முதலாவது 2010 நவம்பர்.

திருத்தியவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. மெனுவில் தெரியவில்லை, ஆகவே இல்லை என்று முடிவெடுத்துவிட்டார். நாங்கள் எல்லோரும் செய்கிற வேலை. ஆனால் அதற்குப் பிறகும் ஐந்து வருடம் ரீச்சர் அந்தப் பெட்டியின் முன்னால் இருந்து கடிதம் எழுதியிருக்கிறார். முதல் இரண்டு வருடமும் அதே தட்டில் கிடந்திருக்கின்றன. தொலைபேசியில் சொன்னபோது மறுமுனையில் சத்தம் இல்லை. "கேக்குதோ ரீச்சர்?" என்றேன். "ஓம், கேக்குது" என்றார். பிறகு வைத்துவிட்டார்.

அனுப்பியவை எங்கே?

வந்த கடிதங்கள் கிடைத்துவிட்டன. ரீச்சர் எழுதிய கடிதங்கள்? டிபிஎக்ஸ் கோப்புகளைத் திறக்க அன்டிபிஎக்ஸ் என்ற திறந்த மூலக் கருவியைப் பாவித்தேன். புது வீட்டின் சென்ட் ஐட்டம்ஸ் கோப்பைத் திறந்து, கடிதங்கள் பூச்சியம் என்றது அது. கோப்பின் அளவு பூச்சியமில்லை. உள்ளே எழுத்துகள் தெரிந்தன. எந்தக் கடிதம் எங்கே என்று காட்டும் அட்டவணைதான் சிதைந்திருந்தது.

நடந்ததை ஊகிப்பது கஷ்டமில்லை. அவுட்லுக் எக்ஸ்பிரஸில் ஒரு கடிதத்தை அழித்தாலும் கோப்புக்குள் அதன் இடம் வெறுமையாகக் கிடக்கும். அதனால் நூறு முறை மூடித் திறந்த பிறகு, இடத்தைச் சுருக்கித் தரட்டுமா என்று அது கேட்கும். சரி என்று அழுத்தினால் கோப்பு முழுவதையும் திரும்ப எழுதும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் கதை முடிந்தது. யூபிஎஸ் இல்லாத வீடு. ஆரம்பத்தில் பக்கத்து வீட்டு ஜெனரேற்றரில் ஓடிய கணினி. பிறகு லைன் கரண்ட் வந்தும் மழைக்காலத்தில் அது நிலையாக நின்றதில்லை.

இங்கே கைகொடுத்தது ரீச்சரின் ஒரு பழக்கம், அல்லது பழக்கமின்மை. அவர் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்ததே இல்லை. எக்ஸ்பியின் இரண்டாவது சேர்விஸ் பாக்குக்குப் பிறகு, சுருக்கும் வேலை ஒவ்வொன்றின்போதும் பழைய கோப்பின் ஒரு பிரதியை அவுட்லுக் எக்ஸ்பிரஸ் ரீசைக்கிள் பின்னுக்குள் பேக் என்ற பின்னொட்டோடு போட்டுவைக்கும். இதை அறிந்தவர் குறைவு. ரீசைக்ளர் கோப்புறைக்குள் பார்த்தேன்: டிசி1, டிசி4, டிசி9 என்று மொட்டைப் பெயர்களில் எட்டுக் கோப்புகள். அளவையும் திகதியையும் வைத்து சென்ட் ஐட்டம்ஸின் கடைசி நல்ல பிரதியைப் பிடித்தேன். பின்னொட்டை டிபிஎக்ஸ் என்று மாற்றினால் அது முழுமையான கோப்பு.

அந்தப் பிரதிக்கும் கோப்பு உடைந்த நாளுக்கும் இடையில் ஏறக்குறைய நாலு மாதம் இருந்தது. அதற்கு அன்டிபிஎக்ஸின் மீட்பு முறையைப் பாவித்தேன். டிபிஎக்ஸ் ஒரு கடிதத்தை 512 பைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் அடுத்த துண்டு எங்கே என்று குறித்து வைக்கும். அட்டவணை போனாலும் அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போகலாம். 61 கடிதங்கள் முழுதாக வந்தன. பதினொன்று தலையோ வாலோ இல்லாத துண்டுகளாக வந்தன. அவற்றைத் தனிக் கோப்புறையில் போட்டேன்.

மற்ற டிபிஎக்ஸ் கோப்புகளையும் அதே கருவியால் ஈஎம்எல் ஆக்கி, தண்டர்பேர்டில் இம்போர்ட் எக்ஸ்போர்ட் ரூல்ஸ் (ImportExportTools) என்ற நீட்சியைப் போட்டு உள்ளே ஏற்றினேன். இது அரை நாள் வேலை. எது வாசித்தது, எதற்குப் பதில் எழுதியது என்ற அடையாளங்கள் டிபிஎக்ஸின் அட்டவணையில் இருப்பவை, ஈஎம்எல்லுக்குள் வராது. ரீச்சரிடம் சொன்னேன். "வாசிக்காத கடிதம் ஒண்டும் என்னட்ட இல்லைத் தம்பி" என்றார். முகவரிப் புத்தகத்தில் நேரம் செலவழிக்கவில்லை. அதில் இருந்த முகவரிகளில் பாதிக்கு மேல் இன்று யாரும் திறப்பதில்லை.

எழுத்து

இவ்வளவும் முடிந்து தண்டர்பேர்டைத் திறந்தபோது, வேலை முடியவில்லை என்று தெரிந்தது. பெட்டி வந்துவிட்டது, கடிதம் வந்துவிட்டது, தமிழைக் காணோம். பட்டியல் முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்.

அது பாமினி எழுத்துரு. இலங்கைத் தமிழரின் அந்தக் காலத்துக் கணினித் தமிழ் என்றால் பெரும்பாலும் பாமினிதான். பாமினி ஒரு குறியேற்றத் தரம் அல்ல, அதாவது தமிழ் எழுத்துக்கென்று தனி எண் கொடுக்கும் முறை அல்ல, ஒரு வேஷம். கணினியைப் பொறுத்தவரை நீங்கள் தட்டுவது ஆங்கிலம். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தட்டினால் அந்த எழுத்துரு அதை 'தமிழ்' என்று வரைந்து காட்டும். எழுத்துருவை எடுத்துவிட்டால் வேஷம் கலைந்துவிடும். இதில் ஓர் அதிசயமும் உண்டு. வெறும் ஆங்கில எழுத்தாக இருந்தபடியால் இந்தக் கடிதங்கள் எத்தனை சேர்வரைக் கடந்தும் சிதையவில்லை. ஜேர்மனியிலிருந்து ஓர் உறவினர் எழுதிய ஒன்பது கடிதங்கள் ரிஸ்கியில் இருந்தன. அது தமிழுக்கென்றே கவனமாக வகுத்த குறியேற்றம். அதில் இரண்டு வழியிலேயே உடைந்திருந்தன.

பாமினி எழுத்துருவைப் புது மடிக்கணினியில் நிறுவினேன். பழைய தட்டின் ஃபொன்ட்ஸ் கோப்புறையிலிருந்த அதே கோப்பை எடுத்தேன்; பாமினி என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் உலாவுகின்றன, சில எழுத்துகள் இடம் மாறியிருக்கும். எச்டிஎம்எல்லாக எழுதிய கடிதங்கள் உடனே தமிழாகின, ஏனெனில் அவற்றுக்குள்ளேயே எழுத்துருவின் பெயர் எழுதியிருக்கிறது. தலைப்பு வரிக்கும் வெறும் எழுத்துக் கடிதங்களுக்கும் அப்படி ஒரு குறிப்பு இல்லை. தெரிவது ஒரு பக்கம் இருக்க, தேட முடியாது. 'உறுதி' என்று தேடினால் ஒன்றும் வராது, கோப்புக்குள் அப்படி ஒரு சொல்லே இல்லையே.

கணினி தமிழைத் தமிழாகவே அறியும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். இணையத்தில் மாற்றிகள் உண்டு. ஆனால் ஒரு குடும்பத்தின் ஏழு வருடக் கடிதங்களை, அதிலும் 2010, 2011இல் இங்கிருந்து எழுதியவற்றை, யாருடையதோ ஒரு தளத்தில் கொண்டுபோய் ஒட்ட எனக்கு மனமில்லை. யார் யாரைத் தேடினார்கள், எந்த முகாமில் விசாரித்தார்கள் என்பதெல்லாம் அதற்குள் இருக்கும் என்று வாசிக்காமலே தெரியும். பைதானில் நானே ஒரு சிறு நிரல் எழுதினேன். நெற் இல்லாமல், என் மேசையிலேயே ஓடும்.

முதல் கேள்வி: எந்த வரி பாமினி, எந்த வரி உண்மையான ஆங்கிலம்? மகள் ஒரு பந்தியில் பாமினியும் அடுத்ததில் ஆங்கிலமும் எழுதுவார். சில நாள் 'அம்மா எப்படி சுகம்' என்பதை ஆங்கில எழுத்திலேயே தட்டியிருப்பார். எல்லாவற்றையும் மாற்றிக்குள் தள்ளினால் ஆங்கிலம் தமிழ்க் குப்பையாகிவிடும். இங்கே உதவியது மெய்யெழுத்து. பாமினியில் அரைப்புள்ளிதான் மெய்யின் மேல் வைக்கும் புள்ளி. தமிழில் சில எழுத்துக்கு ஒன்று மெய். ஆகவே பாமினி வரியில் சொல்லுக்கு நடுவே அரைப்புள்ளி மழைபோல் விழும். ஆங்கிலத்தில் அரைப்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விடாமல் அடுத்த எழுத்து வருவது மிக அபூர்வம். அதை எண்ணியே நிரல் வரிகளைப் பிரித்தது.

அடுத்தது வரிசை. 'கொ' என்று எழுத, பாமினியில் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் முதலில் க, பிறகு கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி. இதைத் திருப்பிப் போடுவது எளிது. எளிதில்லாதது 'ள'. பாமினியில் ஔகாரக் குறிக்கும் ளகரத்துக்கும் விசை ஒன்றே. ஆகவே ஒற்றைக் கொம்பும் வகரமும் ளகரமும் வந்தால் அது 'வெள'வா, 'வௌ'வா? நம் நாட்டுத் தமிழ்த் தளங்களில் 'வௌிநாடு' என்றும் 'வௌ்ளம்' என்றும் பார்த்திருப்பீர்கள். எழுதியவர் விட்ட பிழையல்ல அது. மாற்றி விட்ட பிழை. விதி சிறியது: அந்த ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது நிச்சயம் ளகரம்தான், ஏனெனில் ஔகாரத்தின் மேல் இன்னொரு குறி ஏறாது. மிச்சத்துக்கு கௌரவம், மௌனம், பௌர்ணமி, வௌவால், சௌக்கியம் என்று சொற்பட்டியல் ஒன்று. பதினைந்து சொல்லோடு முடிந்தது.

காற்புள்ளி இன்னொரு தொல்லை. பாமினியில் காற்புள்ளி விசை 'இ'. அவசரத்தில் காற்புள்ளியைக் காற்புள்ளியாகவே தட்டியிருந்தால், மாற்றிய பிறகு 'மல்லாவிஇ மாங்குளம்இ கிளிநொச்சி' என்று வரும். இதற்குப் பாடசாலை இலக்கணம் போதும்: அளபெடையை விட்டால் உயிரெழுத்து சொல்லின் முதலில்தான் வரும். சொல்லின் கடைசியில் ஒட்டியிருந்து பின்னால் இடைவெளி வந்தால் அது காற்புள்ளி. சொல்லின் தொடக்கத்தில் இருந்தால் 'இ'.

சோதிக்க ஒரு வழி வேண்டும். இருநூறு கடிதங்களை மாற்றி அச்செடுத்து வைத்திருந்தேன். ரீச்சர் ஒரு நாள் காலையிலேயே வந்து, மின்விசிறிக்குக் கீழே கதிரை போட்டு இருந்து, சிவப்புப் பேனையால் திருத்தினார். கொப்பி திருத்துகிற அதே வேகம், அதே சரி அடையாளம். மத்தியானத்துக்குள் முப்பத்தினாலு பிழை பிடித்தார். அதில் ஐந்து நிரலின் பிழையல்ல, மகளின் எழுத்துப் பிழை. "இவள் றகரத்தையும் ரகரத்தையும் இன்னும் மாத்தித்தான் எழுதுறாள்" என்று அவற்றையும் திருத்தச் சொன்னார். அதை மட்டும் நான் செய்யவில்லை. வந்த கடிதத்தில் நாங்கள் கைவைக்கக் கூடாது, ரீச்சர், என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த ஐந்து சிவப்பு வட்டத்தையும் வெட்டிவிட்டார்.

அதே காரணத்தால் மூலக் கடிதங்களை மாற்றி எழுதவில்லை. தண்டர்பேர்டில் இரண்டு கோப்புறை மரங்கள்: ஒன்று வந்தபடியே, பாமினியில், இணைப்புகளோடு. மற்றது யூனிகோட் படி, தேடுவதற்கு. இடத்தை மிச்சப்படுத்த இணைப்புகள் இல்லாமல். மாற்றியில் நாளை ஒரு பிழை தெரியவந்தால் மூலத்திலிருந்து திரும்பச் செய்யலாம்.

கையளிப்பு

மூன்று கிழமை எடுத்தது. மடிக்கணினியில் ஒரு பிரதி, வெளி வன்தட்டு ஒன்றில் ஒரு பிரதி, ரொறன்ரோவில் இருக்கும் மகளுக்கு ஒரு பிரதி. இணைப்புகளில் இருந்த படங்களைத் தனியாகவும் எடுத்துத் திகதிப்படி அடுக்கிக் கொடுத்தேன். கலியாணப் படம் 2011 பெப்ரவரிக் கடிதத்தில் இருந்தது, அதாவது 'அழிந்துபோன' இரண்டு வருடத்துக்குள். பழைய வன்தட்டை எறிய வேண்டாம் என்று சொல்லி, ஈயத்தாளில் சுற்றித் திருப்பிக் கொடுத்தேன்.

மடிக்கணினியைத் திறந்து யூனிகோட் படியைப் பெருமையாகக் காட்டினேன். தலைப்பு வரிகள் எல்லாம் அழகான தமிழில்: அம்மா, அம்மாவுக்கு, வீட்டுக் கூரை, தம்பியின் சோதனை. ரீச்சர் சிறிது நேரம் மேலும் கீழும் உருட்டினார். பிறகு, "பழைய மாதிரித் தெரியிறது எங்க?" என்று கேட்டார். மற்றக் கோப்புறையைத் திறந்தேன். எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அதில் விரலை வைத்தார்.

"இப்படி வந்தால் மூத்தவள். சின்னவள் இங்கிலீசில ஹாய் எண்டு போடுவாள். திறக்க முன்னமே எனக்குத் தெரியும்."

தண்டர்பேர்ட் தொடங்கும்போது அந்தக் கோப்புறையே முதலில் திறக்கும்படி மாற்றிக் கொடுத்தேன். தலையும் வாலும் இல்லாத அந்தப் பதினொரு துண்டுகளையும் என்ன செய்வது என்று கேட்டேன். அழிக்க வேண்டாமாம். யாருக்கு எழுதியது என்று வாசித்தால் ஞாபகம் வருமாம். மழை தொடங்கி வயல் வேலை ஓய்ந்த பிறகு பார்த்துச் சொல்கிறாராம்.